நிழலுக்கு வாய் இல்லை

"சத்தியமாச் சொல்லுறன் டொக்டர், இதில ஒரு சொல்லும் பொய்யில்லை. எங்கட வீட்டில மெடிசினைத் தவிர வேற கதையே இல்லை. சாப்பிடேக்கயும் அதுதான், சண்டை பிடிக்கேக்கயும் அதுதான்."

நெஞ்சில் கைவைத்துச் சொன்னான் சிறிதரன். புது டை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

டொக்டர் விக்னராஜா பெருமூச்சு விட்டார். எழுபதைத் தாண்டியும், புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த ஸ்ட்ராத்ஃபீல்டில் கிளினிக்கைத் திறந்து வைத்திருப்பவர். தொலைபேசியில் இவன் கேட்டது நினைவுக்கு வந்தது: "மெடிசினுக்கு அப்ளை பண்ணியிருக்கு டொக்டர். இன்ரவியூ வருகுது. மூண்டு சனிக்கிழமை உங்களோட நிண்டு பார்க்கவேணும், பிறகு ஒரு கடிதமும் வேணும்."

ஸ்ட்ராத்ஃபீல்டில் யாருக்கும் எந்த ஆசையும் வரலாம். ஓம் என்றுவிட்டார். அதுதான் பிழை.

"கேளும். நீர் இஞ்ச என்ர நிழல். நிழல் கதைக்காது. நோயாளி சம்மதிச்சா நிப்பீர், இல்லையெண்டா வெளியில போவீர். கேள்வி இருந்தா அவை போனாப் பிறகு கேளும். இஞ்ச கேட்டது கோயில் வீதியில கேக்கக்கூடாது. விளங்குதோ?"

"நல்லா விளங்குது டொக்டர்."

முதலில் வந்தது மாக்கிறேட் அன்ரி. எண்பது வயது. இரண்டு காலும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தன. டொக்டர் வாயைத் திறக்கவில்லை, அதற்குள் சிறிதரன்,

"பிரஷர் குளிசையைப் புதுசா மாத்தினவையோ அன்ரி? அந்தச் சின்ன வெள்ளைக் குளிசை எண்டா காலை வீங்கப்பண்ணும்."

டொக்டர் கோப்பைப் பார்த்தார். சின்ன வெள்ளைக் குளிசைதான். அதனால்தான் எரிச்சல் இரண்டு மடங்காயிற்று.

"நிழல்!" என்று உறுமினார்.

"சொறி டொக்டர்."

"நல்ல தம்பி," என்றார் மாக்கிறேட் அன்ரி எழும்பும்போது. "அடுத்தமுறையும் இவரே பாக்கட்டும் டொக்டர். நீங்களும் பக்கத்தில இருங்கோவன்."

கதவு சாத்தியதும் டொக்டர் திரும்பினார். "அந்தக் குளிசையைப் பற்றி உமக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும் டொக்டர்," என்று மட்டும் சொல்லித் தன் சப்பாத்தைப் பார்த்தான் சிறிதரன்.

இரண்டாம் சனிக்கிழமை, தேங்காய் உடைக்கப்போய் உள்ளங்கையை உடைத்துக்கொண்டு வந்தார் மலேசியாக்காரர் ஈஸ்வரமூர்த்தி. தையல் ஊசி தோலைத் தொட்டது. பின்னால் தென்னை முறிந்த மாதிரி ஒரு சத்தம். சிறிதரன் நிலத்தில் கிடந்தான்.

"எனக்கு அவசரமில்ல டாக்டர், முதல்ல அவரைப் பாருங்க," என்று ஈஸ்வரமூர்த்தி கட்டிலைவிட்டு இறங்கினார். ஒரு கையில் பாதித் தையலின் நூல் தொங்க, மறுகையால் பழைய சஞ்சிகை ஒன்றை எடுத்து அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

அவர் போனபிறகு டொக்டர் வெடித்தார். "ரத்தத்தைக் கண்டு விழுற ஆள் எப்பிடி ஐசே டொக்டரா வாறது? தலை சுத்தினா முதலே இருக்கவேணுமெண்டு தெரியாதோ?"

"போகப்போகப் பழகிடும் எண்டு வீட்டில சொல்லுறவை."

"வீட்டுக்காரரே வந்து தைப்பினம்? கேளும், அடுத்த சனிக்கிழமை ஒரு சொல்லுக் கதைச்சாலும் சரி, ஒருக்கா விழுந்தாலும் சரி, கடிதம் இல்லை!"

சிறிதரனின் முகம் செத்துப்போயிற்று. "அப்பிடிச் சொல்லாதேங்கோ டொக்டர். எதைப் பாத்தீர் எண்டு இன்ரவியூவில கேட்டா, சொல்ல ஒண்டும் இருக்காது. பக்கத்து வீட்டுத் தனபாலன்ர பெட்டை இப்பிடி நிண்டு பாத்துத்தான் எடுபட்டவளாம். இந்த வருசம் விட்டா வீட்டில சோறு இல்லை."

மூன்றாம் சனிக்கிழமை அவன் சுவரோடு சுவராக நின்றான். ஊசியைக் கண்டதும் தானாகவே கதிரையில் இருந்தான். "நீங்கள் என்ன சொல்லுறியள் தம்பி?" என்று மாக்கிறேட் அன்ரி திரும்பவும் வந்து கேட்டபோது, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு டொக்டரைக் கையால் காட்டினான்.

கடைசியாய் வந்த பெண் கணவனைப் பற்றிச் சொல்லி அழுதுவிட்டுப் போனாள். கதவு சாத்தும்வரை காத்திருந்து சிறிதரன் கேட்டான்:

"அவ அழத் தொடங்க, நீங்கள் பேனையைக் கீழ வைச்சிட்டியள். ஏன் டொக்டர்?"

விக்னராஜா ஆடிப்போனார். எத்தனையோ மாணவர்கள் பின்னால் நின்று பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் நோயைக் கேட்டார்கள். பேனையை யாரும் கேட்டதில்லை.

"அழுற ஆளுக்கு முன்னால எழுதக்கூடாது, ஐசே."

சிறிதரன் அதை உதட்டுக்குள் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தான், பாடமாக்குகிறவன் மாதிரி.

டொக்டரின் மனம் இளகிவிட்டது. கடிதத்தாளை இழுத்தார். "உமக்குக் குடுக்கலாம் ஐசே. வாய்தான் காணி அளவு, மற்றபடி மனுசத்தன்மை இருக்கு. பிறந்த வருசம் என்ன?"

"ரெண்டாயிரத்து ஏழு, டொக்டர்."

பேனை நின்றது. டொக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டாயிரத்து ஏழோ? அப்ப உம்மட வழுக்கை எப்ப பிறந்தது? ஐம்பது வயசில படிக்க வெளிக்கிட்ட மனுசன் எண்டு உம்மைப் பற்றி நான் ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டு திரியிறன்!"

"ஐயோ, நான் படிக்க இல்லை டொக்டர். நான் அந்த வெள்ளைக் குளிசை போடுற ஆள், படிக்கப்போறது மகன் நிரோஜன்," என்றான் சிறிதரன். "அவனுக்குச் சனிக்கிழமையில ரியூசன், அதுதான் அவனுக்குப் பதிலா நான் வந்து நிண்டனான்."