ஐந்து வருஷத்துப் பைப்

திருடுவது என்று முடிவு செய்த அன்று ராத்திரி அந்தோணிராஜ் நிம்மதியாகத் தூங்கினான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் கொஞ்சம் உறுத்தியது. ஈஸ்டருக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று அதையும் தள்ளி வைத்தான்.

திருடப் போவது பணமோ நகையோ இல்லை. ராயப்பனின் பைப்.

ஆவடி குவார்ட்டர்ஸில் பைப் பிடிக்கும் ஆசாமிகள் ஆறு பேர். தொழிற்சாலையிலிருந்து ரஷ்யாவுக்குப் பயிற்சிக்குப் போனவர்கள், திரும்பும்போது இந்தப் பழக்கத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை பருத்திப்பட்டு ஏரிக்கரையில் போட்டி வைப்பார்கள். ஆளுக்கு மூன்று கிராம் புகையிலை, இரண்டே தீக்குச்சி. யாருடைய பைப் கடைசி வரை அணையாமல் புகைகிறதோ அவருக்குக் கோப்பை. நான்கு வருஷமாக ராயப்பன்தான் ஜெயிக்கிறான். ஐந்தாவது முறையும் ஜெயித்தால் கோப்பை நிரந்தரமாக அவன் வீட்டு ஷோகேஸுக்குப் போய்விடும். அந்தோணிராஜுக்கு அதை நினைத்தாலே வயிறு எரிந்தது.

"எல்லாம் பைப்புதான் மச்சான்," என்பான் ராயப்பன். "அஞ்சு வருசமா இதே பைப்பு. உள்ளே எட்டணா கனத்துக்குக் கரி புடிச்சிகினு கீது பாரு, அதான் சூடே ஏறாது. புகை நாக்குல பட்டா சும்மா பாயசம் கணக்கா எறங்கும்."

அதோடு விட்டானா? பர்மா பஜாரில் எந்தக் கடையில் வாங்கியது, புதுப் பைப்பை எப்படிப் பழக்குவது, உட்புறம் தேன் தடவுவது, முதல் மாதம் பைப்பின் கிண்ணத்தில் கால்வாசிப் புகையிலை, பிறகு பாதி, அதற்கப்புறம்தான் முழுக் கிண்ணம் என்று அத்தனையும் ஒப்பித்தான். இப்படி ஒரு வெகுளியை அந்தோணிராஜ் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறே பர்மா பஜாருக்குப் போனான். அச்சு அசலாக அதே பைப் கிடைத்தது. மொட்டை மாடியில் உட்கார்ந்து ஏழு மாதம் பழக்கினான். புதுப் பைப் லேசில் வழிக்கு வருமா? நாக்கு பொசுங்கிப் போய் ரசம்கூட எரிந்தது.

"இன்னாங்க இது, கொழம்பு வச்சா தொட மாட்டேன்றீங்க, அந்தக் கருமத்தை மட்டும் வுடாம புடிச்சிகினு கீறீங்க?" என்று அவன் மனைவி ஜெயகுமாரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோ. கோப்பை நம்ம ஊட்டுக்கு வருதா இல்லையா பாரு."

ராயப்பனைப் போலவே இடது பக்கம் கடித்துக் கடித்துப் பல் தடம்கூட விழ வைத்தான். பழக்காத பைப்பை மாற்றி வைத்தால் ராயப்பன் முதல் இழுப்பிலேயே கண்டுபிடித்துவிடுவானே! ஏழு மாதத்தில் பைப் நன்றாகவே தேறிவிட்டது. ஆனாலும் ஏழு மாதப் பழக்கம் ஐந்து வருஷத்துக்கு ஈடாகுமா? அதனால்தான் திருட்டு.

போட்டி நாள். பூசை முடிந்ததும் எல்லோரும் ஏரிக்கரையில் கூடினார்கள். குணசேகரன் கடிகாரத்தோடு நின்றான். போன வருஷம் இருபதே நிமிஷத்தில் அணைந்துபோன வெறுப்பில், இந்த வருஷம் நேரம் பார்க்கிறேன் என்று ஒதுங்கிவிட்டவன்.

அந்தோணிராஜ் தன் பைப்பைத் தைரியமாக மேஜைமேல் வைத்தான்.

"அட, நீயும் அதே பைப்பா!" என்று சிரித்த ராயப்பன், தன்னுடையதையும் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவ ஏரிக்கு இறங்கினான். பாவம், சாவகாசமாகத்தான் கழுவினான்.

அந்தோணிராஜுக்கு வாய்விட்டுப் பாட வேண்டும் போலிருந்தது. இரண்டு பைப்பையும் இடம் மாற்றி வைத்தான். அவ்வளவுதான் திருட்டு! மாட்டிக்கொண்டாலும் 'ஐயோ, மாறிப்போச்சு மச்சான்' என்று சொன்னால் தீர்ந்தது.

ராயப்பன் வந்தான், பைப்பை எடுத்தான், புகையிலை நிரப்பிப் பற்ற வைத்தான். அந்தோணிராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். ராயப்பன் கண்ணை மூடி, "ஆகா!" என்றான். ஒன்றும் தெரியவில்லை! அந்தோணிராஜ் சிரிப்பை அடக்கத் தொடையைக் கிள்ளிக்கொண்டான்.

அப்புறம் தன் கையிலிருந்ததை ஆசையோடு இழுத்தான். பத்தாவது நிமிஷம் பைப் சூடேறியது. பதினைந்தாவது நிமிஷம் கைக்குட்டையைச் சுற்றிப் பிடிக்க வேண்டியதாயிற்று. புகை கசந்தது. அடியில் நீர் கோத்துக்கொண்டு களகளவென்றது.

"கை சுடுதா மச்சான்?" என்று குணசேகரன் பரிவாக விசாரித்தான்.

"ஒன்னுமில்லப்பா. அவசரத்துல வேகமா இழுத்துட்டேன்."

இருபத்திரண்டாவது நிமிஷம் இரண்டாவது குச்சியும் தீர்ந்து, பைப் அணைந்தது. முதலில் வெளியேறியவன் அவன்தான். ராயப்பன் ஏரியில் நின்ற கொக்குகளைப் பார்த்தபடி ஒரு மணி நாற்பது நிமிஷம் புகைத்தான். இதுவரை அவனே அவ்வளவு நேரம் தாக்குப்பிடித்ததில்லை.

அந்தோணிராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. சொந்தப் பைப்பையே வைத்துக்கொண்டிருந்தால் கோப்பை கைக்கு வந்திருக்கும். யாரிடம் போய் முறையிடுவது? திருடிய பொருள் சரியில்லை என்று எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் புகார் வாங்குகிறார்கள்?

கோப்பையும் கையுமாக வந்த ராயப்பன் அவனைக் கட்டிப் பிடித்து, காதோடு காதாகச் சொன்னான்:

"ரொம்ப டேங்ஸ் மச்சான், போன வருசம் குணசேகரன் இதே மேரி மாத்தி வச்சிட்டுப் போன பைப்பு அடி கரிஞ்சே போச்சு, நீ பழக்கிக் குடுத்தது சும்மா தேனாட்டம் கீது!"