மிஷ்டிக்கு வயிறு சரியில்லை

"என் மிஷ்டிக்கு இலிஷ் மீன் போட்டுக் கெடுக்குறது நீங்கதானே, ஹல்தார் பாபு?" பூனையின் மாத்திரையும் கையுமாக மாடியேறி வந்து கத்தினாள் சர்பாணி. "மாசக்கணக்கா வயித்தால போகுது. காலைல மாத்திரை குடுத்து நிறுத்தினா, சாயங்காலம் மறுபடி பிச்சுக்குது!"

"உங்க மிஷ்டியா? மத்தியானமெல்லாம் என் கட்டில்ல தூங்குற டுக்டுகி இது!" மாடிவீட்டு ஹல்தாரும் எகிறினார். "மீனாம், மீன்! பாவம், இங்க வரும்போதே அதுக்கு வயிறு கல்லு மாதிரி கட்டிக்கிட்டுல்ல இருக்கு!"

"அதுக்கு?"

"வயித்தைப் பத்தியே பேசுற கல்கத்தாக்காரனுக்கே வயித்து வைத்தியம் சொல்ல வந்துட்டீங்களா, அண்ணி? தினமும் பேதி மருந்து குடுக்குறேன்!" அலமாரியிலிருந்த பாட்டிலை எடுத்து ஆட்டினார்.

கட்டிலில் கிடந்த பூனை, பாட்டிலைக் கண்டதும் குதித்து சர்பாணியிடம் ஓடியது. அவள் கையிலிருந்த மாத்திரையைப் பார்த்துப் பாதியில் நின்றது.