மூன்றாவது வெட்டு

அடுப்போரம் அண்ணி ஹில்க்கா, ஜன்னலருகே வரைபடத்துடன் அண்ணன் அர்மாஸ், கதவை ஒட்டி நான். ஞாயிறன்று மூவரும் கெமி ஆற்றில், ஒருவர் மட்டும் உட்காரும் துடுப்புப் படகான கயாக் விடுவதாகத் திட்டம். முன்பு ஆலைகளுக்கு மரம் மிதக்கவிட்ட ஆறு. கீழே பாறைகளுக்கிடையே அது சீறும் இடத்தைத் தாண்ட முடியுமா என்று பார்க்க, அண்ணன் காலையில் ஒரு கட்டையில் ஆளுக்கொன்றாக மூன்று வெட்டுப் போட்டு, நீரில் தள்ளியிருந்தான். எது யாருடையது என்று குறிக்கவில்லை.

மாலையில் கட்டை நீரோட்டத்தை எதிர்த்து எங்கள் படகுத்துறைக்கே திரும்பி வந்திருந்தது. வெட்டு இரண்டுதான் இருந்தது. மூன்றாவது இருந்த இடத்தில் பட்டை மூடியிருந்தது.

“தண்ணி தேச்சிருக்கும்,” என்றான் அண்ணன்.

“தண்ணி தேய்க்கும். தேச்ச எடத்துல பட்டையும் முளைக்க வைக்குமாக்கும்?” என்றாள் அண்ணி.

கயாக் வாடகைக்காரருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். “எத்தன கயாக்குன்னு எழுத?”

“மூணுதான்டா. கட்டைக்குப் பயந்து வீட்ல ஒக்காரவா?”

“ரெண்டு போதும்,” என்றாள் அண்ணி.

அண்ணன் வரைபடத்தை மடித்தான். “சரி, ரெண்டுன்னே எழுது.”

யார் போகாமல் வீட்டில் நிற்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. போகும் இருவரில் தானும் உண்டு என்றே மூவரும் நினைத்திருக்க வேண்டும்.

உறையை ஒட்டி, சாலையோர மஞ்சள் தபால் பெட்டியில் போட்டேன். அது உள்ளே விழுந்ததும், படகுத்துறையில் கட்டை ஒருமுறை இடித்தது.