ஸ்ட்ராபெர்ரி கவுன்

மனசுக்குத் தக்கபடி படம் மாறுகிற கவுன் அது. இலக்கியா சந்தோஷமாக இருந்தால் துணியெங்கும் ஸ்ட்ராபெர்ரி, கலங்கினால் வௌவால். தலை ரிப்பனும் காலுறையும் அதே படத்தில் ஜோடி சேர வேண்டும், அதுதான் முறை. டாக்டரிடம் பேசி வந்ததிலிருந்து மூன்றிலும் ஒரே வௌவால். ஆஸ்பத்திரி வராந்தாவில் நடையாய் நடந்து, எல்லாவற்றையும் ஸ்ட்ராபெர்ரியாக்கிக்கொண்டுதான் அம்மாவின் அறைக்குள் நுழைந்தாள்.

"ஸ்கேன் பாத்துட்டு டாக்டர் என்னடி சொன்னாரு?"

"பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாரும்மா. வெறும் புண்ணுதானாம்."

கவுன் அசையவில்லை. காலுறையில் மட்டும் வௌவால்கள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. காலைக் கட்டிலுக்கடியில் இழுத்துக்கொண்டாள். அம்மா பார்த்துவிட்டாள்.

"வீட்டுக்குப் போயி சாதா சுடிதார் ஒண்ணு மாட்டிக்கிட்டு வாடி" என்றாள். "வந்து இதையே திரும்பச் சொல்லு. நம்பிக்கிறேன்."