அடைத்த இடம் தெரியாமல்

"எம்புள்ளைக்குப் பல்லு அடைச்சேன்னு சொன்னீங்களாமே, அது நெசந்தானா டாக்டரம்மா?"

உள்ளே வந்தவர் உட்காரக்கூட இல்லை. அதற்குள் கேள்வி வந்துவிட்டது.

பிரிசில்லாவுக்குப் பயம் வந்துவிட்டது. சிதம்பரத்தில் அவள் பல் ஆஸ்பத்திரி திறந்து எட்டு மாதம்தான் ஆகிறது. புது டாக்டரின் பெயர் கெட்டுப்போக ஒரே ஒரு ஆள் வாசலில் நின்று சத்தம் போட்டால் போதும், வேறு வினையே வேண்டாம்.

"மொதல்ல உக்காருங்க ஐயா. பையன் பேரு என்ன?"

"ராஜ்கமல். நான் அவங்க அப்பா உத்திராபதி. எங்களுக்குக் காடாம்புலியூரு. அவன் இங்கதான் ரூம் எடுத்துத் தங்கி, செல்போன் கடையில வேல பாக்குறான். மூணு மாசத்துக்கு முன்ன உங்ககிட்ட சொத்தப் பல்ல அடைச்சிக்கிட்டேன்னு போன்ல சொன்னான்."

பிரிசில்லா கம்ப்யூட்டரில் தேடினாள். நல்லவேளை, எல்லாம் பதிவாகியிருந்தது.

"ஆமாங்க ஐயா. மேல்வரிசையில முன்பல்லு ஒண்ணு ஓரத்துல சொத்தையாகி கறுத்துப் போயிருந்துச்சு. சொத்தையச் சுரண்டி எடுத்துட்டு அடைச்சேன். ஏன், கழண்டு விழுந்துடுச்சா?"

"அதெல்லாம் இல்ல." அவர் தயங்கினார். "அடைச்சிருந்தா பாத்தவொடனே தெரியுமில்ல?"

சொல்லிவிட்டு வாயை அகலத் திறந்து, விரலால் கன்னத்தை இழுத்துக் காட்டினார். கடைவாய்ப் பல்லில் அந்தக் காலத்து வெள்ளி அடைப்பு சாம்பல் நிறத்தில் பெரிதாகத் தெரிந்தது.

"இது பண்ருட்டியில அடைச்சது. பதினஞ்சு வருசமாச்சு, இன்னும் எப்பிடித் தெரியுது பாருங்க. அவன் பல்லுல அப்பிடி ஒண்ணும் இருக்காதா?"

அட, இதுதானா சங்கதி! பிரிசில்லாவின் பயம் போய்க் கோபம் வந்தது. பல்லைத் தொடாமலே அடைத்துவிட்டேன் என்று அவள் ஊரை ஏமாற்றுகிறாளாம்! ஆனாலும் அவருடைய வயதுக்கு மரியாதை கொடுத்துப் பொறுமையாகவே பேசினாள்.

"ஐயா, அது பழைய மாதிரி. இப்ப பல்லு நெறத்துலயே பசை மாதிரி ஒண்ணு இருக்கு. அத வெச்சு நீல வெளிச்சம் காட்டினா கெட்டியாயிடும். உங்க பையனே கேட்டு வாங்கிக்கிட்டாரு. 'அடைச்சது தெரியவே கூடாது மேடம், கடைக்கு வர்றவங்ககிட்ட நான் வாய்விட்டுச் சிரிச்சுப் பேசணும்'னாரு. அதோ, அந்த ஜன்னல் பக்கத்துல உக்கார வெச்சு, பகல் வெளிச்சத்துல ஒவ்வொரு நெறமா வெச்சுப் பாத்து, அவரு பல்லோட சேர்ற மாதிரி எடுத்தேன்."

"சிரிச்சுப் பேசணும்னா சொன்னான்?"

"ஆமாங்க ஐயா. போகும்போது கண்ணாடியப் பாத்துச் சிரிச்சிக்கிட்டேதான் போனாரு."

உத்திராபதியின் கண் கலங்கிவிட்டது. கல்யாண விஷயமாக யாரோ ஏதோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று பிரிசில்லா நினைத்துக்கொண்டாள். பாவமாக இருந்தது.

"பொண்ணு வீட்ல ஏதாச்சும் கேட்டாங்களா?"

"பொண்ணு வீட்ல இல்லம்மா. கேட்டவங்க வேற ஆளுங்க."

"அப்ப பையனையே வரச் சொல்லுங்களேன். ரெண்டு நிமிசத்துல உங்களுக்கே காட்டிடுறேன்."

"அவன் போன எடுக்கல. நீங்களே சொல்லுங்கம்மா. இது எனக்குத் தெரிஞ்சே ஆவணும்."

பிரிசில்லா கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். அடைத்து முடித்த அன்று எடுத்த படம் அது. உதட்டை விலக்கி எடுத்திருந்ததால், மேல்வரிசைப் பற்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன.

"எங்க, அடைச்ச பல்லு எதுன்னு சொல்லுங்க பாப்போம்."

உத்திராபதி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முகத்தைப் படத்துக்கு வெகு கிட்டே கொண்டுபோனார். விரல் ஒரு பல்லில் நின்றது, அடுத்த பல்லுக்குப் போனது, மறுபடி பழைய பல்லுக்கே வந்தது.

"தெரியலியேம்மா."

"அடைச்ச எனக்கே தெரியாது ஐயா." அதைச் சொல்லும்போது பிரிசில்லாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "எக்ஸ்ரே எடுத்தாத்தான் தெரியும்."

"டார்ச்சு அடிச்சு, கிட்டக்க நின்னு பாத்தாக்கூடவா?"

"என்ன பண்ணினாலும் தெரியாது."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா, உனக்குப் புண்ணியமாப் போவும். ஓரத்துல சின்னதா ஒரு கோடு, கறுப்பா ஒரு புள்ளி, எதுவாச்சும் தெரியுமில்ல?"

அவர் குரல் கெஞ்சியது. குற்றம் சொல்ல வந்தவர் எதற்குக் கெஞ்சுகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. இருந்தாலும் தன் வேலையை அவள் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

"சத்தியமா சொல்றேன் ஐயா. ஒரு கோடும் தெரியாது, ஒரு புள்ளியும் தெரியாது. வாயத் தொறந்து பாக்குறவங்களுக்கு அது சொந்தப் பல்லாத்தான் இருக்கும். நீங்க தைரியமா போங்க."

உத்திராபதி பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"வெளிய ஆட்டோவுல ரத்தினம்மா இருக்கா, அவனப் பெத்தவ. நாலு நாளாப் பச்சத்தண்ணி பல்லுல படல. இன்னிக்கு மத்தியானம்தான், போதும் போதும்ங்கிற வரைக்கும் சாப்புட்டா. எனக்குத்தான் மனசு கேக்காம, இங்க ஒரு வேல இருக்குன்னு சொல்லி அழைச்சிக்கிட்டு வந்தேன்."

"ஏங்க ஐயா, அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

உத்திராபதி படத்திலிருந்த பற்களையே பார்த்தபடி சொன்னார்.

"காலையில கடலூர்ல, பொணவறைக்குக் கூப்புட்டு, ரயில்ல அடிபட்ட ஒரு பையனக் காட்டினாங்கம்மா. மூஞ்சி அடையாளமே தெரியல, பல்லு மட்டும்தான் முழுசா இருந்துச்சு. 'அடைச்ச பல்லே இல்ல, இது எம்புள்ள இல்ல'ன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன்."