வீட்டில் விட்டுப் போகும் குரல்

“நீங்க டியூட்டிக்குப் போனா வீடே வெறிச்சுனு இருக்குங்க” என்று கல்யாணமான புதிதில் செண்பகா சொன்னாள்.

“அப்ப என் வாயை மட்டும் கழட்டி வச்சுட்டுப் போகவா?” என்று சிரித்தான் விமானி தணிகைவேல்.

அந்தக் கேலி இப்போது விதிமுறையாகிவிட்டது. ராணுவச் சரக்கு விமானத்தோடு கடல் தாண்டும் முன், எரிபொருள், வானிலை, உயிர்காப்புப் படகு எல்லாம் சரிபார்த்த பிறகு, விமானி ஒலிப்பதிவு அறையில் அரைமணி நேரம் பேச வேண்டும். அவன் திரும்பும்வரை, அந்தப் பேச்சிலிருந்து ஒரு கருவி உருவாக்கும் குரல்தான் வீட்டில் அவனாக இருக்கும். மனைவியோடு பேசும், சிரிக்கும், கோபித்துக்கொள்ளவும் செய்யும்.

பக்கத்து வீட்டு ஜோயலின் விமானம் கடலில் விழுந்து எட்டு மாதமாகிறது. இன்று காலையும் மதிலுக்கு அப்பாலிருந்து அவன் குரல், “ரீட்டா, குடை எடுத்துக்கிட்டியா?” என்றது.

“எடுத்தாச்சு, நச்சரிக்காதீங்க” என்று சிரித்தபடியே கதவைப் பூட்டினாள் அவன் மனைவி ரீட்டா. இதுவரை அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. மதிலுக்கு இப்பால் நின்று அதைக் கேட்டுவிட்டுத்தான் தணிகைவேல் டியூட்டிக்குக் கிளம்பினான்.

“பேசுங்க சார், போன தடவை மாதிரி ஜோக்கெல்லாம் சொல்லுங்க” என்றார் ஒலிப்பதிவு அறை சார்ஜென்ட்.

தணிகைவேல் கைபேசியை எடுத்துச் செண்பகாவை அழைத்தான்.

“என்னங்க, இன்னும் கிளம்பலையா? எதையாவது மறந்துட்டீங்களா?”

“இல்லம்மா. உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். எட்டு மாசமாத் தொண்டையிலயே நிக்குது.”

“சொல்லுங்க.”

“நான் திரும்பி வரலைன்னா அந்தக் குரலை அணைச்சிடு, செண்பகா. அணைச்சிட்டு, எனக்காக நல்லா அழு.”