கடைசி வரிசையில் ஒரு கை

கடைசி வரிசையில் கை உயரவில்லை. அத்துடன் வங்கிக் காசாளரும் தோற்றுப்போனார்.

“குரலா அது? மூடின டப்பாக்குள்ள வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு,” என்றார் மாஸ்டர். “போய் நாற்காலிய அடுக்குங்க. அடுத்து யாரு, டோக்கனா?”

டோக்கன் என்பது ஆள்தான். ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் பிரிவில் காலை முழுவதும் நின்று டோக்கன் எண்களைக் கூப்பிடுகிற பெண். மாஸ்டர் வைத்த பெயர். பட்டப்பெயர் கொடுப்பதில் மட்டும் அவர் வள்ளல்.

மாஸ்டரின் நாடக வகுப்பில் முதல் மூன்று மாதம் பாடம். மேடையின் வலது என்றால் நடிகனின் வலது, பார்ப்பவனின் வலது அல்ல. கைப்பொருள் என்றால் நடிகன் மேடையில் கையில் எடுக்கும் சாமான். காரணமில்லாமல் எடுக்கக் கூடாது. இப்படியே நாற்பது பக்க நோட்டு.

அதன் பிறகு குரல் தேர்வு. மேடையில் நின்று ஒரே ஒரு வசனம் சொல்ல வேண்டும். அது காதில் விழுந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கை தூக்குவார். தூக்கினால் அடுத்த நாடகத்தில் வேடம். தூக்காவிட்டால் நாற்காலி அடுக்கிக்கொண்டே மறுபடி முதல் பாடம்.

மூன்று வருடமாக அந்தக் கை மாஸ்டர் ஒருவருக்குத்தான் உயர்ந்திருக்கிறது. ஆகவே கதாநாயகன், அவனுடைய அப்பா, இருவரையும் ஏமாற்றும் வில்லன், மூவரும் அவரே.

பெரியவர் மாஸ்டரின் மாமனார். “இருபது வருஷமா என் பேச்சுக்கு மறுபேச்சு பேசினதில்ல,” என்று மாஸ்டர் சொல்லிச் சொல்லிப் பூரிப்பார். “சூதுவாது தெரியாத மனுஷன். அவர் தீர்ப்புதான் தீர்ப்பு.”

டோக்கனுக்கு இது மூன்றாவது தேர்வு. இதிலும் தவறினால் வகுப்பில் இடமில்லை என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். “இந்தத் தடவையும் வேஷம் கிடைக்கலேன்னா நாடகப் பேச்சையே விட்டுடறேன்,” என்று அவளும் கணவனிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

“ஆஸ்பத்திரியில நீ கூப்பிட்டா ஜனம் எப்படிம்மா வருது?” என்று கேட்டார் மாஸ்டர். “மோப்பம் பிடிச்சா?”

“வந்துடுவாங்க சார். எத்தனை தடவை கூப்பிட்டும் வராதவங்களுக்குக் கையக் காட்டுவேன்.”

“இங்க கையக் காட்டினா வேலைக்காகாது. இது கலை.”

வகுப்பு சிரித்தது. வேடம் கிடைக்காவிட்டாலும் மாஸ்டர் எதிர்பார்க்கும் இடத்தில் சிரிப்பதற்கு எல்லோரும் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

“கடைசியா ஒரு தடவை பாத்துக்கோ,” என்று மாஸ்டர் நடு மேடைக்கு வந்தார். முழங்கையில் சிவப்புத் துண்டு தொங்கியது. கண்ணை மூடினார், மூச்சை இழுத்தார். “இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்க ஆளே இல்லையா,” என்று முழங்கி, கடைசிச் சொல்லோடு துண்டை வீசித் தோளில் போட்டார்.

கடைசி வரிசையில் கை உயர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்வதற்குள் பின்னாலிருந்து பெரும் சத்தம். காசாளர் ஆத்திரத்தில் அடுக்கிய இரும்பு நாற்காலிகள் பத்தும் பெரியவரின் முதுகுக்குப் பின்னால் சரிந்து விழுந்தன. மேடையில் நின்ற மாஸ்டரே ஒரு துள்ளு துள்ளினார். பெரியவர் மட்டும் திரும்பவில்லை. கண்ணை மேடையிலிருந்து எடுக்கவே இல்லை.

“பாத்தீங்களா, அதுக்குப் பேருதான் கவனம்,” என்றார் மாஸ்டர், தன் துள்ளலை மறைத்துக்கொண்டு. “இடி விழுந்தாலும் கண்ணு மேடையில இருக்கும். நீங்கல்லாம் ஈ பறந்தாலே திரும்பற கூட்டம். உங்களுக்கு எங்க வேஷம் குடுக்கறது?”

டோக்கன் மாஸ்டரைக் கவனிக்கவில்லை. சரிந்த நாற்காலிகளையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டு மேடையேறினாள்.

“சார், ஒரு கைப்பொருள் வேணும். உங்க துண்டு.”

“காரணமில்லாம எடுக்கக் கூடாதுன்னு எழுதினியா இல்லையா?”

“எழுதினேன் சார். காரணம் இருக்கு.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பேசத் தெரியாதவ துண்டு கேக்கறா.” மாஸ்டர் வகுப்பைப் பார்த்தார், வகுப்பு சிரித்தது. “துண்டப் போட்டா குரல் வந்துடுமா? இந்தா, ஆசைப்படறே, வச்சுக்கோ. வசனம் ஞாபகம் இருக்கா, அதையும் நானே சொல்லணுமா?”

“இருக்கு சார்.”

துண்டை முழங்கையில் போட்டுக்கொண்டு நடு மேடைக்கு வந்தாள். மாஸ்டரைப் போலவே கண்ணை மூடினாள். மாஸ்டரைப் போலவே மூச்சை இழுத்தாள். பக்கத்திரை ஓரமாக ஒதுங்கிய மாஸ்டர், அடுத்த சிரிப்புக்குத் தயாராகச் சொல்லி வகுப்பைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சிவப்புத் துண்டு காற்றில் எழுந்து அவள் தோளில் விழுந்தது.

கடைசி வரிசையில் கை உயர்ந்தது.

மாஸ்டரின் அடித்த கண் திறக்க மறந்து அப்படியே நின்றது. இந்த முறை யாருக்கும் எங்கே சிரிப்பது என்று தெரியவில்லை.

“கை தூக்கினா வேஷம்னு நீங்கதான் சொன்னீங்க சார்,” என்றாள் அவள். “நான் இன்னும் வசனமே சொல்லல.”